ஸ்பைடர்மேன் 3 ஏமாற்றியது, ஆனாலும் மூன்று படங்களில் அதிகம் வசூலித்தது அதுதான். எப்படி?

நிலாமுற்றம்:

வணக்கம் நண்பர்களே. சாம் ராய்மி இயக்கிய ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றையும் வரிசையாகத் திரும்பப் பார்த்து முடித்தேன். 2002-இல் வந்த முதல் படம் இன்றும் அலுக்கவில்லை. 2004-இல் வந்த இரண்டாவது, என்னைக் கேட்டால், சூப்பர்ஹீரோ படங்களிலேயே உச்சம். ஓடுகிற ரயிலை உயிரைக் கொடுத்து நிறுத்திவிட்டு மயங்கிச் சாய்கிற ஸ்பைடர்மேன் பீட்டரைப் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்க் கிடத்துவார்கள், முகமூடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்து இவ்வளவு சின்னப் பையனா என்று ஒருவர் கலங்கிப்போவார், அந்த இடத்தில் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் 2007-இல் வந்த மூன்றாவது. எங்கோ வானத்திலிருந்து விழும் விண்கல் சரியாகப் பீட்டரும் காதலி மேரி ஜேனும் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது, அதிலிருந்து ஊர்ந்து வரும் கறுப்புப் பிசின் அவனுடைய வண்டியிலேயே ஒட்டிக்கொள்கிறது. தன் அப்பாவைக் கொன்றது பீட்டர்தான் என்று நம்பும் நண்பன் ஹாரிக்குத் தலையில் அடிபட்டதும் கதைக்கு இடைஞ்சலான நினைவுகள் மட்டும் மறந்துபோகின்றன, தேவைப்படும்போது திரும்பி வருகின்றன. இரண்டு படங்களாக அதைப் பற்றி வாயே திறக்காத ஹாரி வீட்டு வேலைக்காரர், கிளைமாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால், உங்கள் அப்பாவின் காயம் அவருடைய கருவியாலேயே ஏற்பட்டது என்று சாவகாசமாகச் சொல்கிறார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஹாரி பழிவாங்கக் கிளம்பியிருக்கவே மாட்டானே! எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் இந்த ஆட்களை நான் அவ்வளவு நேசிக்கிறேன்.

ஆனால் வசூல் விவரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உலக அளவில் முதல் படம் ஏறத்தாழ 82 கோடி டாலர், இரண்டாவது 78 கோடிக்குக் கொஞ்சம் மேல், மூன்றாவது 89 கோடி. மூன்றிலும் நல்ல படத்துக்குக் குறைந்த காசு, மோசமான படத்துக்கு அதிகக் காசு. இது எப்படி நடக்கிறது? ஏமாற்றினாலும் காசு வரும் என்றால் நல்ல படம் எடுக்க எந்த ஸ்டூடியோ மெனக்கெடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு படத்தின் மொத்த வசூல் என்று நாம் பார்க்கும் எண்ணில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதல் வார இறுதியில் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் படம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே வாங்கியவர்கள். அவர்கள் காசு கொடுத்தது முந்தைய படத்தை நம்பி. அந்தப் படத்தில் கிடைத்த சந்தோஷம், இடைப்பட்ட வருடங்களில் வீட்டில் டிவிடியிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சேர்ந்த பிரியம், டிரெய்லர் கிளப்பிய ஆசை, எல்லாம் சேர்ந்து அவர்களைத் திரையரங்குக்கு இழுத்து வருகின்றன. இரண்டாம் வாரத்துக்கு மேல் வருகிறவர்கள்தான் இந்தப் படத்துக்காக வருகிறவர்கள், பார்த்தவர் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று வருகிறவர்கள்.

இப்போது எண்களைப் பாருங்கள். கீழே அமெரிக்கா என்று நான் சொல்வது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த வசூல். 2002 படம் முதல் வார இறுதியில் 11.4 கோடி டாலருக்கு மேல். ஒரே வார இறுதியில் 10 கோடியைத் தாண்டிய முதல் படமே அதுதான். அடுத்த வார இறுதியில் 7 கோடிக்கு மேல், அதாவது சரிவு 40 சதவீதத்துக்கும் கீழே. கடைசியில் 40 கோடியைத் தொட்டது, முதல் மூன்று நாள் வசூலைப் போல மூன்றரை மடங்கு. மூன்றாவது படம் 4,200-க்கு மேற்பட்ட திரையரங்குகளில் இறங்கி முதல் வார இறுதியில் 15.1 கோடி அள்ளியது, அன்றைக்கு அது சாதனை. ஆனால் அடுத்த வார இறுதியில் 5.8 கோடிதான், அறுபது சதவீதத்துக்கு மேல் சரிவு. மொத்தம் 33.6 கோடியில் நின்றுவிட்டது, முதல் மூன்று நாள் வசூலைப் போல இரண்டேகால் மடங்குகூட இல்லை.

ஆக, அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டால் வரிசை 40, 37, 33.6. படிப்படியாக இறங்கியிருக்கிறது. உலக வசூலில் மூன்றாவது படம் முன்னால் நிற்பதற்குக் காரணம் வெளிநாடுகள். முதல் இரண்டு படங்களுக்கும் வெளிநாடுகளிலிருந்து 41 கோடியை ஒட்டித்தான் வந்தது, மூன்றாவதற்கு 55 கோடி. பல நாடுகளில் அமெரிக்காவோடு ஒரே வாரத்தில், சில இடங்களில் அதற்கும் முன்பே வெளியிட்டார்கள். படம் சுமார்தான் என்ற பேச்சு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாரும் டிக்கெட் வாங்கி முடித்துவிட்டார்கள். உலகம் முழுக்க முதல் சில நாட்களிலேயே 38 கோடி வந்துவிட்டது. மொத்தத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல்!

அந்த 38 கோடியை நான் இரண்டாம் பாகத்தின் கணக்கில்தான் எழுதுவேன். நீங்கள் உருகிச் சொன்னீர்களே அந்த ரயில் காட்சி, அது சம்பாதித்துக் கொடுத்த காசு அது.

கடைசிபெஞ்ச்:

கணக்கெல்லாம் சரி, ஆனால் அந்தப் படத்தை மொத்தமாக மோசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மணல்மனிதன் பிறக்கும் காட்சி ஒன்று போதும். சோதனைக் குழிக்குள் உடல் சிதறிப்போன ஃபிளின்ட் மார்கோ ஒரு மணல்மேடாகக் கிடக்கிறான். ஒரு மணல்துகள் நகர்கிறது, பிறகு கொஞ்சம், அப்புறம் ஒரு தோள் மாதிரி ஒன்று எழும்பி நிற்க முடியாமல் சரிகிறது. ஒரு முகம் வருகிறது, கண் இருக்கும் இடத்தில் குழி மட்டும். தரையில் கிடக்கும் மகளுடைய லாக்கெட்டைப் பார்க்கிறான், எடுக்கக் கையை நீட்டுகிறான், விரல்கள் அதன் மேலேயே உதிர்ந்துவிடுகின்றன. மறுபடி முயல்கிறான். வசனமே கிடையாது, கிறிஸ்டோபர் யங்கின் இசை மட்டும். அந்த லாக்கெட்டைப் பிடித்துத் தூக்கும்போதுதான் அவன் முழு உருவமாக எழுந்து நிற்கிறான். கிராபிக்ஸில் செய்த மணற்குவியலுக்காகக் கண் கலங்க வைத்த இயக்குநரைச் சும்மா சொல்லக் கூடாது.

என் வருத்தமே இவ்வளவு நல்ல ஒரு வில்லனைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குப் படத்தில் இடம் கொடுக்கவில்லையே என்பதுதான். நோயாளி மகளுக்காகத் திருடும் அப்பா, மன்னிக்கத் தெரியாத ஹீரோ. இந்த இரண்டு பேரை வைத்து ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். அதற்குள் ஹாரியின் பழிவாங்கல் வேண்டும், கறுப்பு உடை வேண்டும், எடி பிராக் வேண்டும், க்வென் ஸ்டேசி வேண்டும், எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கறுப்புப் பிசின் எடி பிராக்கைப் பற்றிக்கொண்டு உருவாகும் வெனம் என்ற பாத்திரத்தில் ராய்மிக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை, ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராட் வற்புறுத்தித்தான் சேர்த்தார்கள். இதெல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயம். படம் வந்து பல வருடங்களுக்குப் பிறகு ராய்மியே ஒரு பேட்டியில், எல்லாப் பாத்திரங்களின் மீதும் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, அதை ரசிகர்களிடமிருந்து மறைக்க முடியாது என்ற பொருளில் மனம்விட்டுப் பேசினார். திரையிலும் அது தெரிகிறது பாருங்கள், மணல்மனிதனைக் காட்டும்போது கேமரா பொறுமையாக நிற்கிறது, வெனம் வந்ததும் எல்லாம் அவசரம் அவசரமாக ஓடுகிறது.

நேர்ப்பார்வை:

நான் இதில் உடன்படவில்லை. ஏமாற்றம் ஏமாற்றம் என்று சொல்கிறீர்கள், யாருக்கு ஏமாற்றம்? விமர்சகர்களுக்கும், முதல் இரண்டு படத்தையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நம்மைப் போன்ற ஆட்களுக்கும்தான். குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருந்தது என்று வீட்டுக்குப் போனவர்கள் இணையத்தில் வந்து எழுதுவதில்லை. 2018-இல் வெனம் படம் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் 8 கோடியில் தொடங்கி 21 கோடிக்கு மேல் போனது, உலகம் முழுக்க 85 கோடியைத் தாண்டியது. மக்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டாம் வாரச் சரிவை வைத்துப் படம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதும் நியாயம் இல்லை. தொடர்ச்சிப் படம் என்றாலே ரசிகர்கள் முதல் மூன்று நாளில் முண்டியடித்துப் பார்ப்பார்கள், அதற்கு மேல் இறங்கத்தான் செய்யும். அதுவும் 2007 மே மாதத்தில் ஸ்பைடர்மேனுக்கு இரண்டு வாரம் கழித்து ஷ்ரெக்கின் மூன்றாம் பாகம், அதற்கு அடுத்த வாரம் கரீபியன் கடற்கொள்ளையர்கள் மூன்றாம் பாகம். அந்த நெரிசலில் எந்தப் படம் நின்று ஓடும்?

கணக்குப்பிள்ளை:

நேர்ப்பார்வை, உங்கள் வாதத்தில் பாதியை அப்படியே ஏற்கிறேன். விமர்சகர்களின் கருத்தும் பார்வையாளர்களின் கருத்தும் வேறு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. வெனம் 2018 பார்வையாளர்களுக்குப் பிடித்த படம்தான், தொடக்கத்தைப் போல 2.6 மடங்கு ஓடியிருக்கிறது, அது கௌரவமான ஓட்டம்.

அந்த மே மாத நெரிசலும் உண்மை. ஆனால் ஷ்ரெக் வருவதற்கு முன்பே, போட்டிக்குப் பெரிய படம் எதுவும் இல்லாத இரண்டாம் வாரத்திலேயே அந்த அறுபது சதவீதச் சரிவு நடந்துவிட்டது. தொடர்ச்சிப் படம் என்றால் இறங்கத்தான் செய்யும் என்பதற்கும் எதிர்ச்சான்று பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த வருடம், 2008 ஜூலையில், தி டார்க் நைட் வந்தது. அதுவும் தொடர்ச்சிப் படம், அதுவும் சூப்பர்ஹீரோ, அதுவும் முதல் வார இறுதியில் 15.8 கோடி. தொடக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று 33.6 கோடியில் நிற்க, இன்னொன்று 53 கோடிக்குப் போனது. அந்த இருபது கோடி வித்தியாசம்தான் படம் பார்த்தவர்கள் தந்த தீர்ப்பு. அதைப் பார்க்காமல் 89 கோடி என்ற கடைசி எண்ணை மட்டும் பார்ப்பதால்தான் எல்லாருக்கும் குழப்பம் வருகிறது.

கூடவே ஒன்று. 89 கோடி வசூல் என்றால் ஸ்டூடியோ கைக்கு 89 கோடி வந்தது என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் தோராயமாகப் பாதியைத் திரையரங்குகள் எடுத்துக்கொள்கின்றன, வெளிநாடுகளில் ஸ்டூடியோவின் பங்கு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. படத்தின் தயாரிப்புச் செலவு 25 கோடிக்கு மேல், விளம்பரம் தனி. லாபம்தான், சந்தேகமில்லை, ஆனால் முதல் படம் இதில் பாதிச் செலவுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் செலவழித்து 82 கோடி கொண்டுவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலாமுற்றம்:

கணக்குப்பிள்ளை அண்ணே, அருமையாக விளக்கினீர்கள், மிக்க நன்றி. கடைசிபெஞ்ச், மணல்மனிதன் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் போய் அதை மட்டும் திரும்பப் பார்த்தேன், ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

ஆனால் என் கேள்வியின் இரண்டாம் பாதி அப்படியே நிற்கிறது. முதல் நாள் டிக்கெட் வாங்கியவர்கள் முந்தைய படத்தை நம்பி வாங்கினார்கள் என்றால், ஏமாந்தவர்கள் காசைத் திரும்பக் கேட்க முடியாது. அப்படியானால் ஏமாற்றியதற்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லையா?

கணக்குப்பிள்ளை:

கொடுக்கிறார்கள். ஆனால் கொடுப்பது அந்தப் படம் இல்லை, அதற்கு அடுத்து வருகிற படம். இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் பல நேரம் அந்த அடுத்த படம் நல்ல படமாக இருந்து தொலைக்கும்.

எக்ஸ்மென் வரிசையில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். 2006-இல் வந்த மூன்றாம் பாகம், பிரெட் ராட்னர் இயக்கியது. முதல் இரண்டு பாகங்களை எடுத்த பிரையன் சிங்கர் சூப்பர்மேன் எடுக்கப் போய்விட்டார். ரசிகர்கள் வெறுத்த படம், ஆனால் முதல் மூன்று நாளில் 10 கோடிக்கு மேல், உலகம் முழுக்க 46 கோடியை ஒட்டி, அதுவரை வந்த எக்ஸ்மென் படங்களில் அதுதான் அதிக வசூல். 2009-இல் வுல்வரின் தனிப்படம், அதுவும் மனதில் நிற்கவில்லை, தொடக்கம் 8.5 கோடி. 2011-இல் ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தது. புது நடிகர்கள், 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பின்புலமாக வைத்த கதை, அந்த வரிசையின் சிறந்த படங்களில் ஒன்று என்று பலரும் சொல்லும் படம். அது முதல் வார இறுதியில் வசூலித்தது 5.5 கோடி. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதி! படத்தின் மேல் ஒரு குறையும் இல்லை, முன்னால் போனவர்கள் வைத்துவிட்டுப் போன கடன் அது. அந்தப் படம் சம்பாதித்த நல்ல பெயரை 2014-இல் டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட் அறுவடை செய்தது, பழைய நடிகர்களும் திரும்பி வந்தார்கள், உலகம் முழுக்க 74 கோடிக்கு மேல்.

பேட்மேனுக்கும் இதே கதைதான். 1997-இல் பேட்மேன் அண்ட் ராபின் பெயரைக் கெடுத்தது. அதற்கு எட்டு வருடம் பேட்மேனே திரைக்கு வரவில்லை. 2005-இல் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் பிகின்ஸ் வந்தபோது அது முதல் வார இறுதியில் 5 கோடியைக்கூடத் தொடவில்லை. ஆனால் பார்த்தவர்கள் பேசினார்கள், நாலு மடங்குக்கு மேல் ஓடி அமெரிக்காவில் 20 கோடியைத் தாண்டியது. அந்தப் பேச்சுக்கு விளைந்த விளைச்சல்தான் மூன்று வருடம் கழித்து டார்க் நைட்டுக்கு வந்த 15.8 கோடித் தொடக்கம். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரின் மறைவும் அந்தப் பாத்திரத்தின் மேல் இருந்த ஆர்வமும் சேர்ந்துகொண்டன, அதை மறுக்கவில்லை, ஆனாலும் பிகின்ஸ் இல்லாமல் அது நடந்திருக்காது.

நேர்ப்பார்வை:

இது கொஞ்சம் வசதியாக இருக்கிறதே நண்பரே. எந்தப் படம் குறைவாக வசூலித்தாலும் முந்தைய படத்தின் மேல் பழி, அதிகம் வசூலித்தால் முந்தைய படத்துக்குப் புகழ் என்று சொல்லிவிடலாம். ஃபர்ஸ்ட் கிளாஸில் வுல்வரினாக நடிக்கும் ஹியூ ஜாக்மேன் ஒரு காட்சியில் தலைகாட்டுவதோடு சரி, பெரிய நட்சத்திரமே இல்லாத படம், தொடக்கம் குறைவதற்கு அதுவே போதுமே? அயர்ன்மேன் 2 (2010) நிறையப் பேருக்கு ஏமாற்றம்தான், அமெரிக்காவில் முதல் படத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வசூலித்தது. ஆனால் 2013-இல் வந்த அயர்ன்மேன் 3 உலகம் முழுக்க 120 கோடி டாலர் பார்த்தது. உங்கள் கணக்குப்படி அது அடிவாங்கியிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

நட்சத்திரம் இல்லாததும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால் அயர்ன்மேன் 3-க்கு முந்தைய படம் அயர்ன்மேன் 2 இல்லையே! இடையில் 2012-இல் அவெஞ்சர்ஸ் வந்தது, 150 கோடிக்கு மேல் வசூல், அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் கடைசியில் அணுகுண்டைத் தோளில் சுமந்துகொண்டு விண்வெளிக்குத் திறந்த வாசலுக்குள் பாய்ந்த படம். மக்கள் கடைசியாகப் பார்த்த டோனி அவர்தான், அவருக்காகத்தான் 2013-இல் வந்தார்கள்.

இன்னும் நேரடியான ஒன்று சொல்கிறேன். 2016-இல் பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன், மேன் ஆஃப் ஸ்டீலின் தொடர்ச்சி. முதல் வார இறுதி 16.6 கோடி, அடுத்தது 5.1 கோடி, ஏறத்தாழ எழுபது சதவீதம் சரிவு. உலகம் முழுக்க 87 கோடி வந்தது, அதை வைத்துப் பார்த்தால் வெற்றிப் படம். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் படம் வெளியான நாளில் திரையரங்கிலேயே பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் கேட்கும், அதில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது பி. ரசிகர்களே முண்டியடித்து வரும் முதல் நாளில் சூப்பர்ஹீரோ படத்துக்கு பி என்றால் அது குறைவு. அடுத்த வருடம் ஜஸ்டிஸ் லீக். பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் உமன், ஃப்ளாஷ், அக்வாமேன் எல்லாரும் ஒரே படத்தில்! அதற்கு பார்வையாளர்கள் கொடுத்த மதிப்பெண் பி ப்ளஸ், அதாவது வந்தவர்களுக்கு முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருக்கிறது. ஆனால் வந்தவர்கள் எத்தனை பேர்? தொடக்கமே 9.4 கோடியை ஒட்டித்தான். உலகம் முழுக்க 66 கோடி, செலவு 30 கோடி என்று சொல்லப்பட்ட படத்துக்கு. நட்சத்திரக் குறைவு என்று இங்கே யாரும் சொல்ல முடியாது, சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கிற படம்.

திரைச்சீலை:

தாமதமாக நுழைகிறேன், மன்னிக்கவும். கணக்குப்பிள்ளை சொல்வதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஸ்டூடியோக்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம். தண்டனை தாமதமாக வருவதால், அது எதற்கான தண்டனை என்பதே அவர்களுக்கு விளங்குவதில்லை. 89 கோடி என்ற எண்ணைப் பார்த்தவர்கள் வில்லன்களை அடுக்கினால் காசு வரும் என்று நம்பினார்கள். ராய்மி நான்காம் படத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார், கதை தனக்குத் திருப்தியாக அமையவில்லை என்று 2010 ஜனவரியில் விலகினார், அவரை அதற்காக நான் மிகவும் மதிக்கிறேன். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள். 2012-இல் தி அமேசிங் ஸ்பைடர்மேன், 75 கோடி. 2014-இல் அதன் இரண்டாம் பாகம். எலக்ட்ரோ ஒருவர், ஹாரியே கோப்ளினாகி ஒருவர், கடைசியில் ரைனோ, போதாதற்கு இனி வரப்போகும் படங்களுக்கான விளம்பரம் போல ஆங்காங்கே காட்சிகள். 2007-இல் செய்த அதே காரியத்தை அப்படியே திரும்பச் செய்தார்கள்! ஸ்பைடர்மேனாக ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் காதலி க்வென்னாக எம்மா ஸ்டோனும் சேர்ந்து வரும் காட்சிகள் அவ்வளவு உயிரோட்டமானவை, அந்த இரண்டு பேரைச் சுற்றியே படத்தை விட்டிருந்தால் போதும், விடவில்லை. அமெரிக்காவில் 20 கோடியில் நின்றது, உலகம் முழுக்க 70 கோடிதான். வேறு எந்த நாயகனுக்கும் 70 கோடி என்பது கொண்டாட்டம், ஸ்பைடர்மேனுக்கு அது அதுவரை இல்லாத அடிமட்டம். அடுத்த பிப்ரவரியிலேயே, இந்த ஸ்பைடர்மேன் படங்களை எடுத்த சோனி, அயர்ன்மேன், அவெஞ்சர்ஸ் படங்களை எடுத்த மார்வெலோடு கைகோத்தது.

மார்வெல் மட்டும் இதிலிருந்து தப்பித்ததா? 2022-இல் தோர் நான்காம் படம் 76 கோடி வசூலித்தது, பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 2023 பிப்ரவரியில் ஆன்ட்மேன் மூன்றாம் படம் 10 கோடிக்கு மேல் தொடங்கி அடுத்த வாரமே எழுபது சதவீதம் சரிந்தது. அந்த நவம்பரில் தி மார்வெல்ஸ் வந்தபோது தொடக்கம் 4.6 கோடி, மார்வெல் ஸ்டூடியோஸ் படங்களிலேயே குறைந்த வசூல். அதன் முதல் பாகமான கேப்டன் மார்வெல் 110 கோடியைத் தாண்டிய படம். தி மார்வெல்ஸின் நாயகிகள் மூவரும் திரையில் எவ்வளவு கலகலப்பாக இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட ஆள் வரவில்லை. நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் விளம்பரத்துக்கு யாரும் போக முடியாமல் இருந்ததும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசிபெஞ்ச்:

திரைச்சீலை, கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் பற்றி எழுதியதற்கு ஒரு கைகுலுக்கல். அந்த மணிக்கூண்டுக் காட்சியில், கீழே விழுகிற க்வென்னைப் பிடிக்கப் போகிற வலை நுனியில் ஒரு கை போல விரிகிறது, கவனித்திருக்கிறீர்களா? இப்படி ஒரு யோசனை வந்த ஆட்களிடம் ஏன் நம்பி படத்தைக் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஆதங்கமாக இருக்கிறது.

நேர்ப்பார்வை, நீங்கள் பதில் சொல்லவில்லை, ஜஸ்டிஸ் லீக் கணக்கு எப்படி?

நேர்ப்பார்வை:

ஜஸ்டிஸ் லீக் வலுவான சான்று, ஏற்கிறேன். வெளிநாட்டு வசூலைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. 2007-இல் உலகம் முழுக்க 55 கோடி டாலருக்கு டிக்கெட் வாங்கியவர்களில் முதல் முறையாகத் திரையரங்கில் ஸ்பைடர்மேன் பார்த்த குழந்தைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது ஏமாற்றமே இல்லை. இப்போது வளர்ந்துவிட்ட அந்தத் தலைமுறைதான் அந்தப் படத்தை இணையத்தில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. அவர்களுடைய சந்தோஷத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நிலாமுற்றம்:

அது நியாயம், முழு மனதோடு ஏற்கிறேன். எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு கேள்வி. அந்த வேலைக்காரர் காட்சி இல்லாத பதிப்பு ஒன்று இருப்பதாக எங்கோ படித்தேன், உண்மையா?

கடைசிபெஞ்ச்:

உண்மைதான். 2017-இல் எடிட்டர்ஸ் கட் என்று ஒரு பதிப்பு வெளியிட்டார்கள், மூலப் படத்தைவிடச் சில நிமிடம் குறைவு. வேலைக்காரர் வந்து சொல்லும் காட்சி அதில் கிடையாது, ஹாரி யாரும் சொல்லாமல் தானாகவே மனம் மாறி நண்பனுக்கு உதவக் கிளம்புகிறான். சில காட்சிகள் இடம் மாறியிருக்கும், சில இடங்களில் இசையும் வேறு. வெனத்துக்கு அதிலும் அதே அவசரம்தான், அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஹாரிக்காகப் பாருங்கள்.